பல்வேர்ச் சிமெண்டின் பதம்: சேர்மானப் பொருள்களின் பயனும் எல்லையும்

பல்லின் வெண்மையான வெளிப்பகுதி அதன் ஒரு பாகமே ஆகும். தாடை எலும்பினுள் மறைந்து நிற்கும் வேரின் நடுவே குறுகிய கால்வாய் ஒன்று ஓடுகிறது. இரத்தக் குழல்களும் நரம்புகளும் அடங்கிய பற்கூழ் என்னும் மெல்லிய திசு இக்கால்வாயினுள் நிறைந்திருக்கிறது. சொத்தை ஆழமாகச் சென்று இத்திசுவை எட்டிவிடுமாயின், கிருமிகள் உட்புகுந்து அதனை அழித்துவிடுகின்றன. அத்துடன் நில்லாது, வேர் நுனியின் வழியே சென்று எலும்பையும் தாக்குகின்றன. இத்தகைய பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவதற்கு உள்ள முறையே வேர் சிகிச்சையாகும். அழுகிய திசுவை அகற்றி, கால்வாயைக் கழுவித் துப்புரவாக்கி, பின்னர் அதனைக் கிருமிகள் மீண்டும் நுழையாதவாறு அடைத்துவிடுவதே இச்சிகிச்சையின் சாரம்.

அடைப்பதற்குச் சாதாரணமாகக் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் பொருளாலான கூம்பு வடிவக் குச்சிகள் உபயோகிக்கப்படுகின்றன. ஆனால் கால்வாய் எவ்விடத்தும் ஒரே வட்டமாக இருப்பதில்லை. குச்சிக்கும் சுவருக்கும் இடையே எஞ்சும் இடுக்குகளை நிரப்புவதற்கு ஒரு சிமெண்டு இன்றியமையாதது. வேரில் தவறுதலாகத் துளை விழுந்துவிட்டாலும், வேர் நுனி முழுவதும் வளராமல் அகன்று திறந்திருந்தாலும், வேர் நுனியை அறுவைச் சிகிச்சையால் நீக்க நேரிட்டாலும், அவ்விடங்களை அடைப்பதும் சிமெண்டின் வேலையே. வேர் நுனியில் கால்வாயின் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குப் புலப்படாத அவ்விடத்தில், ஈரத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவே, சிமெண்டு சரியான பதத்தில் சென்று சேரவேண்டும். எவ்வளவு உயர்ந்த சிமெண்டாயினும், சேரவேண்டிய இடத்துக்குச் சேராவிடில் அதனால் பயனில்லை. ஆகவேதான் சிமெண்டின் கையாளுந்தன்மையைச் சேர்மானப் பொருள்களால் சீர்திருத்தும் ஆராய்ச்சி, பல் வைத்திய விஞ்ஞானத்தில் ஒரு தனி இடம் பெற்றுள்ளது.

பதம் என்பது யாது?

வீடு கட்டும் கொத்தனார் சாந்தைக் கரண்டியில் எடுத்த மாத்திரத்தில் அதன் பதத்தை அறிந்துவிடுகிறார். பல் வைத்தியரும் அவ்வாறே கண்ணாடிப் பலகையின்மேல் சிமெண்டைக் குழைக்கும்பொழுது அதன் பதத்தை உணருகிறார். எனினும் விஞ்ஞானத்துக்குக் கையின் உணர்வு மட்டும் போதாது. பதம் என்னும் ஒரே சொல்லில் அடங்கியுள்ள பல குணங்களைப் பிரித்து அளந்தாக வேண்டும்.

முதலாவது, ஓட்டம், அதாவது சிமெண்டு தானாகவோ சிறு அழுத்தத்தாலோ பரவி இடுக்குகளை நிரப்பும் ஆற்றல். இரண்டாவது, படலத்தின் தடிப்பு; சிமெண்டு எவ்வளவு மெல்லியதாக நசுங்கும் என்பது. மூன்றாவது, வேலை நேரம். குழைத்த பின் எவ்வளவு நேரம் இளக்கம் மாறாதிருக்கும் என்பது. நான்காவது, இறுகும் நேரம். ஐந்தாவது, உருண்டு திரண்டு நிற்கும் பிடிப்பு. கருவியில் எடுத்தால் உதிராமலும், வைத்த இடத்தில் சரியாமலும் இருப்பது. ஆறாவது, இரத்தமோ நீரோ பட்டால் கரைந்து ஓடிவிடாத உறுதி.

வேர்ச் சிமெண்டுகளுக்கான அகில உலகத் தர அளவு, ஐ.எஸ்.ஓ. 6876 என்னும் எண்ணுடன் வழங்குகிறது. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, ஓட்டத்தை அளக்க எளிய முறையொன்றை விதிக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு சிமெண்டைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, குழைக்கத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் அதன்மேல் மற்றொரு தகட்டையும் 100 கிராம் எடையையும் ஏற்றவேண்டும். பத்தாம் நிமிடத்தில் எடையை அகற்றிப் பார்க்கும்பொழுது, பரவிய வட்டத்தின் விட்டம் 17 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். படலத்தின் தடிப்பு 50 மைக்ரானுக்கு மேற்படலாகாது. நீரில் கரைந்து போகும் பகுதி எடையில் 3 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பனவும் அத்தர அளவின் விதிகளாகும்.

இக்குணங்களைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஓட்டம் மிகுந்தால் பிடிப்புக் குறைகிறது. விரைவில் இறுகினால் வேலை நேரம் சுருங்குகிறது. நீரை மிகுத்தால் இளக்கம் கூடுகிறது, வலிமை குறைகிறது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க நேரிடுகிறது. சேர்மானப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த வரவு செலவுக் கணக்கைச் சரிக்கட்டும் முயற்சியே எனலாம்.

பழைய சிமெண்டு கற்பித்த பாடம்

வேர்க் கால்வாயை அடைப்பதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது துத்தநாக ஆக்ஸைடும் யூஜினாலும் சேர்ந்த சிமெண்டு. யூஜினால் என்பது கிராம்புத் தைலத்தின் முக்கியமான பகுதி. அமெரிக்கப் பல் வைத்திய நிபுணர் லூயி கிராஸ்மன் 1936ஆம் ஆண்டில் இவ்வகைச் சிமெண்டு ஒன்றை வெளியிட்டார். அதில் எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காக வெள்ளித்தூள் சேர்க்கப்பட்டிருந்தது; வெள்ளி பல்லைக் கறுக்கச் செய்தமையால் 1958ஆம் ஆண்டில் அதனை நீக்கிப் புதிய சேர்மானத்தை அமைத்தார். அப்புதிய பொடியின் 100 பங்கில் துத்தநாக ஆக்ஸைடு 42, மரப்பிசின் 27, பிஸ்மத் சப்கார்பனேட் 15, பேரியம் சல்பேட் 15, நீர் நீக்கிய வெங்காரம் 1 பங்கு என்பது கணக்கு.

இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றியே சேர்க்கப்பட்டது. மரப்பிசின் சிமெண்டுக்கு வழுவழுப்பையும் ஒட்டுந்தன்மையையும் தருகிறது. பிஸ்மத்தும் பேரியமும் எக்ஸ்ரே படத்தில் நிழல் விழச் செய்கின்றன. நூற்றில் ஒரு பங்கே உள்ள வெங்காரமோ இறுகும் வேகத்தைத் தணிக்கிறது. துத்தநாக ஆக்ஸைடுச் சிமெண்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் விரைந்து இறுகும் இயல்புடையது. மழைக்காலத்தில் கடற்கரை நகரத்து வைத்தியசாலை ஒன்றில் அது கண்ணாடிப் பலகையிலேயே இறுகத் தொடங்கலாம். அளவில் மிகச் சிறிய ஒரு பொருள், சிமெண்டு முழுவதின் நடத்தையையும் மாற்றவல்லது என்பதற்கு வெங்காரமே தக்க சான்று.

இச்சிமெண்டின் பதத்தை அறிய இரண்டு கைச்சோதனைகளும் வழக்கில் உள்ளன. குழைத்த சிமெண்டைத் தட்டைக் கரண்டியில் எடுத்துச் செங்குத்தாகப் பிடித்தால், பத்து அல்லது பன்னிரண்டு விநாடிகளுக்குள் அது சொட்டிவிடலாகாது. கரண்டியைப் பலகையில் படுக்கவைத்து மெல்லத் தூக்கினால், ஓர் அங்குல உயரம் வரையில் அறாத இழையாக நீளவேண்டும். பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதம் பார்ப்பது போன்றதே இது.

கட்டடச் சிமெண்டு பல்லுக்குள் வந்த வரலாறு

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டில் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1878ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் விட்டெ என்னும் பல் வைத்தியர் அச்சிமெண்டால் வேர்க் கால்வாயை அடைத்த செய்தியை வெளியிட்டார். ஆயினும் அம்முயற்சி தொடரப்படவில்லை. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லோமா லிண்டா பல்கலைக் கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் என்பவரும் அவரது குழுவினரும் இதே அடிப்படையில் ஒரு புதிய சிமெண்டை உருவாக்கினர். மினரல் டிரையாக்ஸைடு அக்ரிகேட், சுருக்கமாக எம்.டி.ஏ., என்பது அதன் பெயர். 1998ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது.

போர்ட்லண்டு சிமெண்டு 75 பங்கு, எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பிஸ்மத் ஆக்ஸைடு 20 பங்கு, ஜிப்சம் 5 பங்கு என்பது அதன் சேர்மானம். இதிலுள்ள ஜிப்சமும் ஒரு சேர்மானப் பொருளே. சிமெண்டிலுள்ள டிரைகால்சியம் அலுமினேட் என்னும் பொருள் நீர் பட்டவுடன் திடீரென்று இறுகும் இயல்புடையது. ஜிப்சம் அதனை அடக்கி வைக்கிறது.

இப்பொடியை மூன்று பங்குக்கு ஒரு பங்கு நீர் என்ற எடை விகிதத்தில் குழைக்கின்றனர். அப்பொழுது டிரைகால்சியம் சிலிகேட், நீருடன் கூடிக் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் கூழாகவும் கால்சியம் ஹைட்ராக்ஸைடாகவும் மாறுகிறது. கூழ் படிப்படியாகக் கெட்டிப்பட்டு வலிமை தருகிறது. கால்சியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, காரத்தன்மையை உண்டாக்குகிறது. குழைத்தவுடன் 10.2ஆக உள்ள பி.எச். எண் மூன்று மணி நேரத்தில் 12.5ஆக உயருகிறது. கிருமிகள் இத்தகைய காரத்தில் வாழ்வது அரிது. மேலும், வெளிப்படும் கால்சியம் உடல் திரவத்திலுள்ள பாஸ்பேட்டுடன் கூடி எலும்பிலும் பல்லிலும் உள்ளதை ஒத்த தாதுப் படிவத்தை உண்டாக்குகிறது. மற்றச் சிமெண்டுகள் ஈரத்தைக் கண்டு அஞ்ச, இச்சிமெண்டு ஈரத்தைக் கொண்டே இறுகுகிறது. பிடுங்கத்தக்கவை எனக் கைவிடப்பட்ட பற்கள் பலவற்றை இது காத்தமைக்கு இக்குணங்களே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கட்டடச் சிமெண்டும் எம்.டி.ஏ.யும் ஓரினமாயினும் ஒன்றல்ல. கடையில் மூட்டையாக விற்கும் சிமெண்டில் ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்கள் சிறிய அளவில் இருக்கக்கூடும். அதன் துகள்களும் பருமனானவை. எக்ஸ்ரே படத்திலும் அது போதிய அளவு தெரியாது. அதனை வாயில் உபயோகிப்பது ஒருபோதும் தகாது.

குறை எங்கே இருந்தது?

உயிரியல் குணத்தில் இவ்வளவு சிறந்த சிமெண்டு, கையாளுவதில் வைத்தியர்களைப் பெரிதும் சோதித்தது. குழைத்த பொருள் ஈர மணலைப் போன்றிருந்தது. நீர் சற்றுக் குறைந்தால் உதிர்ந்தது. சற்று மிகுந்தால் கூழாகி வழிந்தது. பலகையில் வைத்திருக்கும்பொழுதே நீர் ஆவியாகிப் பதம் கெட்டது. இறுகுவதற்கு ஏறத்தாழ 2 மணி 45 நிமிட நேரம் ஆயிற்று. அதற்குள் அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் இரத்தம் ஊறினால், அல்லது அவ்விடத்தைக் கழுவ நேரிட்டால், சிமெண்டு கரைந்து வெளியேறும் அபாயம் இருந்தது.

இது வைத்தியரின் சௌகரியத்தை மட்டும் பொறுத்ததன்று. சிமெண்டு இறுகும் வரையில் அதன்மேல் நிரந்தர அடைப்பை வைக்க இயலாது. ஈரப் பஞ்சை வைத்துத் தற்காலிகமாக மூடி, நோயாளியை மற்றொரு நாள் வரச் சொல்லவேண்டும். தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து பஸ் ஏறி, அன்றாடக் கூலியை இழந்து வைத்தியசாலைக்கு வரும் ஒருவருக்கு இரண்டாம் வருகை என்பது சிறிய விஷயமன்று. அவர் வராதுபோனால் தற்காலிக மூடி தேய்ந்து, கிருமிகள் மறுபடியும் உட்புகும். ஆகவே இறுகும் நேரத்தைக் குறைப்பதும் கரைந்தோடாமல் தடுப்பதும் பல்லின் ஆயுளோடு நேராகத் தொடர்புடையவை.

சேர்மானப் பொருள்களின் நால்வகை

கட்டடச் சாந்தில் பிற பொருள்களைக் கலக்கும் பழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரையும் வெல்ல நீரையும் கலப்பது தென்னாட்டுக் கொத்தர்களின் பழைய வழக்கம். தற்காலக் கான்கிரீட் விஞ்ஞானம் அத்தகைய பொருள்களை அவற்றின் வேலையைக் கொண்டு வகைப்படுத்தியிருக்கிறது. பல் சிமெண்டு ஆராய்ச்சியாளர்கள் தம் கருவிகளைப் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டனர்.

முதல் வகை, விரைவுபடுத்துவன. இவற்றுள் முதன்மையானது கால்சியம் குளோரைடு. இது டிரைகால்சியம் சிலிகேட் நீருடன் கூடும் வினையைத் தூண்டிவிடுகிறது. கால்சியம் பார்மேட், கால்சியம் நைட்ரேட், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் முதலியவையும் சோதிக்கப்பட்டுள்ளன. கால்சியம் குளோரைடைப் பற்றிய ஒரு விந்தை கவனிக்கத்தக்கது. இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டில் குளோரைடு கம்பியை அரித்துவிடுவதால் அதன் உபயோகம் அங்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பல்வேரில் அத்தகைய கம்பி இல்லாமையால், கட்டட நிபுணர் ஒதுக்கும் பொருள் பல் வைத்தியருக்கு உதவுகிறது. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. அளவு மிகுந்தால் வேலை நேரம் போதாமற் போகும். இறுகிய சிமெண்டின் வலிமையும் குறையக்கூடும்.

இதற்கு நேர்மாறான வேலையைச் சர்க்கரை செய்கிறது. மிகச் சிறிய அளவு சர்க்கரையும் போர்ட்லண்டு சிமெண்டு இறுகுவதைப் பெரிதும் தாமதப்படுத்திவிடும். சுண்ணாம்புச் சாந்துக்கு ஏற்ற வெல்லம், சிமெண்டுக்கு ஏற்காது. ஒரு சிமெண்டுக்கு நன்மை செய்யும் பொருள் மற்றொன்றுக்கும் நன்மை செய்யும் என்று ஊகிப்பது தவறு என்பதை இது காட்டுகிறது.

இரண்டாம் வகை, குழைவு தருவன. மீதைல் செல்லுலோஸ் இதற்குச் சிறந்த உதாரணம். தாவரங்களிலுள்ள செல்லுலோஸிலிருந்து தயாரிக்கப்படும் இப்பொருள் நீரில் கரைந்து, அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீரைக் கெட்டியாக்குகின்றன. துகள்களுக்கு இடையிலுள்ள நீர் எளிதில் பிரிந்து போவதில்லை. ஈர மணலாக இருந்த சிமெண்டு, பிசைந்த மாவின் பதத்தை அடைகிறது. உருட்டி எடுத்தால் உதிர்வதில்லை. நீர் பட்டாலும் எளிதில் கரைந்தோடுவதில்லை. கடலடியில் கான்கிரீட் இடுவோர் கையாளும் உபாயமும் இதுவே. இதன் தீமை என்னவெனில், அளவு மிகுந்தால் மூலக்கூறுகள் துகள்களைச் சூழ்ந்து இறுகுவதைத் தாமதிக்கின்றன. குழைக்கும்பொழுது காற்றுக் குமிழிகள் அகப்பட்டுச் சிமெண்டில் நுண்துளைகள் மிகுகின்றன.

ஒரு பொருளின் குறையை மற்றொரு பொருளால் ஈடு செய்யலாம் என்பதை, 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி நன்கு விளக்கிற்று. மீதைல் செல்லுலோஸ் 1 சதவிகிதமும் கால்சியம் குளோரைடு 2 சதவிகிதமும் ஒருங்கே சேர்க்கப்பட்டன. முன்னது பிடிப்பைத் தந்தது. பின்னது இறுகும் நேரத்தைக் குறைத்தது. இவ்வாறு பதம் சீர்ப்பட்ட போதிலும் நசுக்கத்தைத் தாங்கும் வலிமை குறிப்பிடத்தக்க அளவு குன்றவில்லை.

மூன்றாம் வகை, இளக்கம் தருவன. நீரில் இட்ட சிமெண்டுத் துகள்கள் சிறு கொத்துகளாகத் திரண்டு, தமக்குள் நீரைச் சிறைப்படுத்திக்கொள்கின்றன. அந்நீர் ஓட்டத்துக்கு உதவுவதில்லை. பாலிகார்பாக்ஸிலேட் போன்ற பெருமூலக்கூறுகள் சீப்பின் பற்களைப் போன்ற கிளைகளை உடையவை. இவை துகள்களின் மேற்பரப்பில் படிந்து ஒன்றையொன்று அணுகவொட்டாமல் விலக்குகின்றன. கொத்து கலைந்து, சிறைப்பட்ட நீர் வெளிவருகிறது. ஆகவே குறைந்த நீரிலேயே போதிய இளக்கம் கிடைக்கிறது. நீர் குறைந்தால் இறுகிய பின் எஞ்சும் நுண்துளைகளும் குறையும், வலிமை மிகும். ஆனால் இவையும் அளவு மீறினால் இறுகுவதைத் தாமதப்படுத்துவதோடு, சிமெண்டைப் பிடிப்பின்றி வழியச் செய்கின்றன.

நான்காம் வகை, சுமந்து செல்லும் திரவங்கள். புரொப்பிலீன் கிளைக்கால், பாலிஎதிலீன் கிளைக்கால் முதலியவை நீருடன் கலக்கவல்லவை. ஆனால் தாம் தனித்துச் சிமெண்டை இறுகச் செய்வதில்லை. நீரின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புரொப்பிலீன் கிளைக்காலைச் சேர்த்தால் ஓட்டம் மிகுகிறது. அதன் பங்கு கூடக்கூட இறுகும் நேரமும் நீளுகிறது. நீரை முற்றிலும் விலக்கி இத்தகைய திரவத்திலேயே பொடியைக் குழைத்து ஊசிக் குழலில் அடைத்துவிட்டால், சிமெண்டு குழலினுள் இறுகாமல் இருக்கும். வேரினுள் செலுத்தியதும், பல் சுவரிலுள்ள நுண்குழல்களின் ஈரத்தை உறிஞ்சி அங்கே இறுகும். பலகையும் கரண்டியும் தேவையில்லை. நீரின் அளவில் தவறு நேரவும் இடமில்லை. ஆனால் வைத்தியர் பழைய பழக்கத்தால் கால்வாயை அளவுக்கு மீறி உலர்த்திவிட்டால், சிமெண்டுக்கு வேண்டிய நீர் கிடைக்காமல் இறுகுவது தாமதமாகும்.

கைக்கு எட்டியதைக் கலப்பதன் அபாயம்

மேற்கண்ட உண்மைகளை அறிந்த ஒருவர், வைத்தியசாலையில் கைக்கு எட்டும் திரவங்களைக் கலந்து பார்க்க எண்ணக்கூடும். இதனை முறையாகச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. எம்.டி.ஏ. பொடி, தூய நீருக்குப் பதிலாகப் பல்வேறு திரவங்களிலும் களிம்புகளிலும் குழைக்கப்பட்டது. 5 சதவிகிதக் கால்சியம் குளோரைடு நீர், சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் களிம்பு, நீரில் கரையும் வழுக்குக் களிம்பு ஆகிய மூன்றும் இறுகும் நேரத்தை 20 முதல் 25 நிமிடங்களாகக் குறைத்தன. உப்பு நீரும், மரத்துப் போவதற்காகப் போடும் லிடோகெயின் மருந்தும் இறுகும் நேரத்தை நீட்டின. கிருமி கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் களிம்பில் குழைத்த சிமெண்டோ இறுகவே இல்லை.

இம்முடிவு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. குளோர்ஹெக்ஸிடின் சிறந்த கிருமிநாசினி. வேர்க் கால்வாயைக் கழுவவும் அது உதவுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்தைக் கிருமியைத் தடுக்கும் சிமெண்டில் சேர்ப்பது இயல்பான யோசனையாகவே தோன்றும். குழைக்கும்பொழுது களிம்பின் வழுவழுப்பால் பதமும் நன்றாயிருப்பதாகத் தோன்றக்கூடும். ஆயினும் வேரினுள் எஞ்சுவது இறுகாத சேறு. எக்ஸ்ரே படத்தில் அது கெட்டிப்பட்ட சிமெண்டைப் போன்றே வெண்மையாகத் தெரியும். குறை வெளிப்படுவதற்குள் பல் பழுதாகிவிடும். கைக்கு இதமாக இருப்பது பல்லுக்கும் இதமாக இருக்கும் என்னும் நம்பிக்கை இவ்வாறு ஏமாற்றத்தில் முடியும்.

நேரத்தைக் குறைத்த மூன்று பொருள்களும் விலையின்றி அதனைத் தரவில்லை. அவற்றுடன் குழைத்த சிமெண்டின் வலிமை, தூய நீரில் குழைத்ததன் வலிமையைவிடக் குறைவாகவே இருந்தது. தூய நீரில் குழைத்த எம்.டி.ஏ., 24 மணி நேரத்தில் 40 மெகாபாஸ்கலும் 21 நாள்களில் 67 மெகாபாஸ்கலும் அழுத்தம் தாங்குவதாக ஆரம்ப ஆராய்ச்சிகளில் கண்டறியப்பட்டது. வேர் நுனியில் அடைப்பாக நிற்கும் சிமெண்டின்மேல் மெல்லும் விசை நேராக விழுவதில்லை. அங்கே சிறிது வலிமைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம். கடைவாய்ப் பல்லின் அடித்தளத்தில் விழுந்த துளையை அடைக்கும் சிமெண்டின்மேல், நிரந்தர அடைப்பை அழுத்திப் பொதியும் விசை விழும். அங்கே அக்குறைவு பொறுக்கத்தக்கதன்று. ஒரே சேர்மானம் ஓரிடத்தில் குணமாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் அமைகிறது.

சேர்மானத்தைச் சோதிக்கும் முறை

மாணவர்களும் இளம் ஆராய்ச்சியாளர்களும் இத்துறையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. முதலில், ஒரே சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றவேண்டும். இரண்டாவதாக, எதுவும் சேர்க்காத சிமெண்டையும் அதே நாளில், அதே வெப்ப நிலையில், அதே கையால் குழைத்து ஒப்பிட வேண்டும். மூன்றாவதாக, ஒரு பொருளைப் பல அளவுகளில் சோதிக்கவேண்டும். ஒரு சதவிகிதத்தில் நன்மை செய்வது ஐந்து சதவிகிதத்தில் தீமை செய்யலாம். நான்காவதாக, இறுகும் நேரத்தை உடல் வெப்பமாகிய 37 டிகிரி சென்டிகிரேடில், ஈரக்காற்றில் அளக்கவேண்டும். அறையின் மேஜைமேல் அளந்த எண் வாய்க்குப் பொருந்தாது.

ஐந்தாவதே மிக முக்கியமானது. பதம் சீர்ப்பட்டதைக் கண்டவுடன் சோதனையை நிறுத்திவிடலாகாது. வலிமை, கரையுந்தன்மை, பருமன் மாறாமை, எக்ஸ்ரேயில் தெரிதல், காரத்தன்மை, கால்சியம் வெளிப்படுதல், உயிரணுக்களுக்குத் தீங்கின்மை ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அளக்கவேண்டும். ஏனெனில் இச்சிமெண்டின் உயிர்நாடி அதன் காரத்தன்மையும் கால்சியமுமே. அவற்றைக் குன்றச் செய்யும் சேர்மானம், பதத்தை எவ்வளவு மேம்படுத்தினும் ஏற்கத்தக்கதன்று.

எக்ஸ்ரேக்காகச் சேர்த்த பிஸ்மத் ஆக்ஸைடின் கதை இதற்கு ஓர் உதாரணம். அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஆனால் கால்வாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுடன் சேர்ந்தால் அது கருநிறம் அடைவதும், அதனால் முன்பற்கள் நிறம் மாறுவதும் பின்னர் அறியப்பட்டன. புதிய சிமெண்டுகள் பலவற்றில் அதற்குப் பதிலாக ஜிர்கோனியம் ஆக்ஸைடோ டான்டலம் ஆக்ஸைடோ சேர்க்கப்படுகிறது.

தொழிற்சாலையில் நிகழ்ந்த மாறுதல்

ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ட உண்மைகள் நாளடைவில் தொழிற்சாலையை எட்டின. பிரான்சு நாட்டில் 2009ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த பயோடென்டின் என்னும் சிமெண்டில், முன் கூறிய இரு வகைப் பொருள்கள் ஒருங்கே இடம் பெற்றுள்ளன. அதன் பொடியில் டிரைகால்சியம் சிலிகேட்டுடன் கால்சியம் கார்பனேட்டும் ஜிர்கோனியம் ஆக்ஸைடும் உள்ளன. அதன் திரவத்தில் விரைவுபடுத்துவதற்குக் கால்சியம் குளோரைடும், நீரைக் குறைப்பதற்கு நீரில் கரையும் பெருமூலக்கூறு ஒன்றும் கலந்துள்ளன. ஏறத்தாழ 12 நிமிடங்களில் இது இறுகுவதாகத் தயாரிப்பாளர் குறிப்பிடுகின்றனர். பொடி, அளந்த சிமிழ்களில் அடைக்கப்பட்டு இயந்திரத்தால் குலுக்கிக் கலக்கப்படுவதால், கைக்குக் கை பதம் மாறுவதும் குறைந்தது. குழைத்த நிலையிலேயே ஊசிக் குழலில் அடைத்த சிமெண்டுகளும் கனடா முதலிய நாடுகளில் தயாராகிப் பரவின.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. ஜம்முவில் தயாரான எம்.டி.ஏ. பிளஸ் என்னும் சிமெண்டின் பொடி, பழைய எம்.டி.ஏ.யைவிட நுண்ணியதாக அரைக்கப்பட்டது. நுண்ணிய துகளின் மேற்பரப்பு அதிகமாதலால் நீருடன் கூடும் வினையும் விரைவாகிறது. மணல் போன்ற தன்மையும் குறைகிறது. கரைந்தோடாமல் தடுக்கும் ஒரு களிம்பும் அதனுடன் வழங்கப்பட்டது. மால்டா பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், நீரில் குழைத்ததைக் காட்டிலும் இக்களிம்பில் குழைத்த சிமெண்டு குறைவாகவே கரைந்தோடியது.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னரும் வைத்தியரின் பொறுப்பு குறைந்துவிடவில்லை. தயாரிப்பாளர் விதித்த நீரின் அளவை மீறாதிருத்தல், திறந்த பொட்டலத்து மிச்சப் பொடியை ஈரக்காற்றில் வைக்காதிருத்தல், குழைத்ததை ஈரத் துணியால் மூடி வைத்தல், தயாரிப்பாளர் கூறாத எந்தத் திரவத்தையும் கலவாதிருத்தல் ஆகியவை எளிய விதிகள். இவற்றுள் ஒன்று தவறினாலும் சேர்மானப் பொருளின் பயன் வீணாகும்.

சேர்மானப் பொருள் என்பது சிமெண்டுக்கு வைத்தியரின் கையோடு இணங்கக் கற்பிப்பது. அவ்விணக்கம், சிமெண்டு வேரினுள் ஆற்றவேண்டிய கடமையை மறக்கச் செய்யாத அளவில் நிற்கவேண்டும். வைத்தியரின் கையில் சிமெண்டு இருப்பது சில நிமிடங்களே. நோயாளியின் வேரில் அது இருக்கவேண்டியதோ பல ஆண்டுகள். எந்தச் சேர்மானத்தையும் இவ்விரு காலங்களையும் ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும்.